அம்மா பெயர் ஒரு ரகசியமா?

2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின், அப்போது அலாஸ்கா மாநில ஆளுநர். அவருக்கு யாஹூவில் சொந்த மின்னஞ்சல் கணக்கு ஒன்று இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் டென்னசி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதற்குள் நுழைந்துவிட்டார். கடவுச்சொல்லை அவர் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்க முயலவும் இல்லை. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற இடத்தைச் சொடுக்கினார், அவ்வளவுதான். யாஹூ மூன்று விவரங்களைக் கேட்டது: பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரைச் சந்தித்த இடம். பிறந்த தேதி விக்கிப்பீடியாவிலேயே இருந்தது. பேலினின் ஊரான வசில்லா சிறிய ஊர் என்பதால் அஞ்சல் குறியீட்டைக் கண்டுபிடிப்பதும் பெரிய வேலையாக இல்லை. மூன்றாவதற்குத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. தம்பதியர் பள்ளிக் காலத்திலிருந்தே பழகியவர்கள் என்ற செய்தி கிடைத்ததும் பள்ளியின் பெயரைப் பல விதமாகத் தட்டிப் பார்த்தார். 'வசில்லா ஹை' என்று போட்டபோது கணக்கு திறந்துகொண்டது. புதிய கடவுச்சொல்லாக 'பாப்கார்ன்' என்று வைத்தார். 2010-இல் அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பேலின் எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் இது நடந்திருக்கும். ஒரு கணக்குக்குள் போக எத்தனை வழிகள் உண்டோ, அவற்றில் மிக எளிதான வழி எதுவோ, அதன் பலம்தான் அந்தக் கணக்கின் பலம். இணையத்தின் முதல் இருபது ஆண்டுகளில் பெரும்பாலான தளங்களில் அந்த எளிதான வழி ரகசியக் கேள்விதான். உங்கள் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன, முதலில் படித்த பள்ளி எது, செல்லப் பிராணியின் பெயர் என்ன என்று கேட்கும் அந்த வழக்கம் இன்று மெல்ல மறைந்து வருகிறது. கேள்விகள் சரியில்லாததால்தான் இந்த முறை தோற்றது என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் இன்னும் அடியில் இருக்கிறது. நம்மைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்றை, நமக்கு மட்டுமே தெரிந்ததாக இந்த முறை எடுத்துக்கொண்டது.

வங்கி மேசையில் பிறந்த கேள்வி

கணினிக்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி நியூயார்க்குக்கு வந்து குவிந்த ஏழைகளுக்காக 1850-இல் எமிகிரன்ட் இண்டஸ்ட்ரியல் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. கணக்குத் தொடங்க வந்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒரே பெயரில் பலர் இருந்தார்கள். பணம் எடுக்க வருபவர்தான் பணம் போட்டவர் என்று எப்படி நம்புவது? அதற்கு வங்கி தனிப் பேரேடுகள் வைத்திருந்தது. பிறந்த ஊர், பெற்றோர் பெயர், கூடப் பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, எந்த ஆண்டு எந்தக் கப்பலில் வந்து இறங்கினார் என்பதெல்லாம் அதில் பதிவாயின. பணம் எடுக்க வரும் நாளில் சந்தேகம் வந்தால் எழுத்தர் பேரேட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

1906-இல் பால்டிமோர் நகர வங்கியாளர் வில்லியம் ஹேவர்ட், வாடிக்கையாளரை அடையாளம் காண அவருடைய தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் நன்றாக உதவுகிறது என்று சக வங்கியாளர்களிடம் சொன்னார். மேலை நாடுகளில் பெண் திருமணத்தோடு கணவரின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்வது வழக்கம். அதனால் தாயின் பழைய குடும்பப் பெயர் அன்றாடப் புழக்கத்திலிருந்து மறைந்துபோகும். ரகசியம்போல் தோன்றியதற்கு அதுவே காரணம். பிறகு தொலைபேசி வழி வங்கிச் சேவைக்கும், அங்கிருந்து இணையத்துக்கும் அதே கேள்வி அப்படியே வந்து சேர்ந்தது.

வங்கி மேசையில் இந்த முறை ஓரளவு வேலை செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஏமாற்ற நினைப்பவர் நேரில் வந்து நிற்க வேண்டும். மாட்டிக்கொண்டால் அங்கேயே பிடிபடுவார். எழுத்தர் பதிலை மட்டும் பார்க்கவில்லை. முகத்தையும் பார்த்தார், பேச்சின் வட்டார வழக்கைக் கேட்டார், தயக்கத்தைக் கவனித்தார், சந்தேகம் வந்தால் அடுத்த கேள்விக்குப் போனார். அயர்லாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்தவரின் அத்தையின் பெயரை நியூயார்க்கில் விசாரித்துத் தெரிந்துகொள்வதும் அன்று எளிதல்ல. கேள்வி இணையத்துக்கு வந்தபோது இந்தப் பின்பலம் எதுவும் கூட வரவில்லை. கேட்பது நிரல், பதில் சொல்பவர் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம், அவர் ஒரே நேரத்தில் ஆயிரம் கணக்குகளில் முயன்று பார்க்கலாம், விவரங்களோ தேடுபொறியில் கிடைக்கின்றன. எழுத்தர் போய்விட்டார், அவருடைய கேள்வித்தாள் மட்டும் மிஞ்சியது. அந்த எமிகிரன்ட் வங்கிப் பேரேடுகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. தங்கள் மூதாதையர் யார் என்று தேடுபவர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். ஒரு காலத்தில் அடையாளச் சோதனையாக இருந்த பதில்கள் இப்போது யாரும் படிக்கும் ஆவணம்.

எண்ணிக்கையில் தோற்பது

ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டைத் தற்செயலாக அடுக்கினால் 20,000 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் சாத்தியம். பிடித்த நிறம் என்ன என்ற கேள்விக்கு எத்தனை பதில்கள் சாத்தியம்? ஒரு டஜனைத் தாண்டினாலே அதிகம். அந்த டஜனிலும் இரண்டு மூன்றைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். பதில்கள் மக்களிடையே சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதுதான் தாக்குபவருக்குச் சாதகம். தென்கொரியாவில் கிம், லீ, பார்க் என்ற மூன்று குடும்பப் பெயர்களுக்குள்ளேயே மக்கள்தொகையில் ஏறத்தாழ 45 சதவீதம் அடங்கிவிடுகிறது. அங்கே குடும்பப் பெயரைக் கேட்டுப் பூட்டுப் போடுவதில் அர்த்தமில்லை.

2005-இல் விர்ஜில் கிரிஃபித், மார்கஸ் யாகப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் டெக்சாஸ் மாநிலத்தின் பிறப்பு, திருமணப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவை பொது ஆவணங்கள். அவற்றைக் கணினியில் பொருத்திப் பார்த்துத் தனிநபர்களின் தாய் வழிக் குடும்பப் பெயர்களை ஊகித்தார்கள். வேறு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் அந்தப் பெயரின் நிச்சயமின்மை சராசரியாக 13 பிட் அளவு இருக்கும். அதாவது சுமார் 8,000 சாத்தியங்களில் ஒன்று. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோருக்கு அது 6.9 பிட்டுக்குக் கீழே, அதாவது 120 சாத்தியங்களுக்கும் கீழே, இறங்கியது. பெருந்தொகையானவர்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது. யாரையும் ஏமாற்றாமல், எந்தக் கணினிக்குள்ளும் அத்துமீறாமல் கிடைத்த முடிவு இது.

இந்த வகை ஆய்வுகளில் ஆகப் பெரியது 2015-இல் கூகுள் வெளியிட்டது. ஜோசப் பானோ, எலி பர்ஸ்டீன் முதலானோர் கூகுள் பயனர்கள் உண்மையாகவே பதிந்து வைத்திருந்த பதில்களின் பரவலை அலசினார்கள். ஆங்கிலம் பேசும் பயனர்களிடம் பிடித்த உணவு எது என்ற கேள்விக்கு 'பீட்சா' என்று ஒரே ஒருமுறை ஊகித்தாலே 19.7 சதவீதம் பேரின் பதில் சிக்கியது. பத்து முயற்சிகள் கிடைத்தால், கொரிய மொழிப் பயனர்களில் 39 சதவீதம் பேரின் பிறந்த ஊர், அரபு மொழிப் பயனர்களில் 24 சதவீதம் பேரின் முதல் ஆசிரியர் பெயர் என்று போகிறது பட்டியல். ஒரே கேள்வி ஒரு மொழிக்காரருக்கு ஓரளவு பாதுகாப்பாகவும் இன்னொரு மொழிக்காரருக்கு ஏறக்குறைய திறந்த கதவாகவும் இருக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே கேள்விப் பட்டியலை மொழிபெயர்த்து வைத்த நிறுவனங்கள் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

திருடனுக்குத் தெரிகிறது, சொந்தக்காரருக்கு மறக்கிறது

பாதுகாப்பு குறைவாக இருந்தாலும், மறந்தவர் உள்ளே போக முடிகிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அதே கூகுள் ஆய்வில், அமெரிக்காவின் ஆங்கிலப் பயனர்களில் 40 சதவீதம் பேர் தேவைப்பட்ட நேரத்தில் தாங்கள் கொடுத்த பதிலையே சரியாகச் சொல்ல முடியாமல் திணறினார்கள். கைபேசிக்கு வரும் குறியீட்டை வைத்து மீட்டவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல்.

கேள்வியைக் கடினமாக்கினால் ஆகாதா? ஆய்வாளர்கள் அதையும் பார்த்தார்கள். நூலக அட்டை எண், விமான நிறுவன உறுப்பினர் எண் போன்றவற்றை ஊகிப்பது கடினம். ஆனால் அவற்றைச் சரியாக நினைவில் வைத்திருந்தவர்கள் முறையே 22 சதவீதம், 9 சதவீதம் மட்டுமே. இரண்டு எளிய கேள்விகளை ஒன்றுசேர்த்துக் கேட்டால் ஊகிப்பவரின் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. கூடவே சொந்தக்காரரின் வெற்றியும் 59 சதவீதத்துக்குச் சரிந்தது. திருடனைத் தடுக்கும் அளவுக்குக் கேள்வி இறுகும்போது உரியவரும் வெளியே நிற்கிறார்.

சிலர் விவரமாகப் பொய்ப் பதில் கொடுக்கிறார்கள். கூகுள் நடத்திய கணக்கெடுப்பில் 37 சதவீதம் பேர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். மனிதர்கள் பொய் சொல்லும்போதும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டிய உறுப்பினர் எண்ணில்கூட ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. பொய் ஊகிப்பதற்கு இன்னும் எளிதாகிவிட்டது.

இதுவரை சொன்னது முகம் தெரியாதவர்களின் தாக்குதல். 2009-இல் ஸ்டுவர்ட் ஷெக்டர் குழுவினர், ஏஓஎல், கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய நான்கும் அப்போது பயன்படுத்திய கேள்விகளை எடுத்துக்கொண்டு, பழகியவர்களைக் கொண்டு சோதித்தார்கள். கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளத் தயாராக இல்லாத அறிமுகக்காரர்கள்கூட 17 சதவீதப் பதில்களைச் சரியாக ஊகித்தார்கள். பங்கேற்றவர்களோ ஆறு மாதத்துக்குள் தங்கள் சொந்தப் பதில்களில் 20 சதவீதத்தை மறந்துவிட்டார்கள். இங்கேதான் இந்த முறையின் அடிப்படைக் கோளாறு தெரிகிறது. பிரிந்துபோன கணவன், சொத்துத் தகராறில் இருக்கும் அண்ணன், பழைய அறைத்தோழர், சந்தேகப்படும் காதலன் ஆகியோரை இந்தக் கேள்விகள் தடுக்கவே தடுக்காது. பிறந்த ஊரும் படித்த பள்ளியும் முதல் நாயின் பெயரும் அவர்களுக்கு மனப்பாடம். தனிப்பட்ட கணக்குக்குள் நுழைய ஆசையும் காரணமும் உள்ளவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

இனிஷியல், எழுத்துக்கூட்டல், பிரவுசிங் சென்டர்

மேலைநாட்டுக் குடும்ப அமைப்பை மனத்தில் வைத்து எழுதிய கேள்விகள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கும், பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் அது கணவரின் எழுத்தாக மாறும். அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால், பலர் அம்மாவின் பெயரையே எழுதினார்கள். அந்தப் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் கணவர் பெயரோடும் வீட்டு எண்ணோடும் இருக்கிறது. டெக்சாஸ் ஆய்வாளர்கள் பதிவுகளைப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடித்ததை இங்கே தெருவில் உள்ளவர்கள் ஆவணம் எதையும் புரட்டாமலே சொல்லிவிடுவார்கள்.

பதிலை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியிருப்பது அடுத்த சிக்கல். மீனாட்சி என்ற பெயரில் 'எம்'முக்குப் பிறகு இரண்டு 'இ'யா, ஒரு 'ஐ'யா? நடுவில் வருவது 'கே'யா, 'டி'யா? பிறந்த ஊர் திருச்சியா, திருச்சிராப்பள்ளியா? தஞ்சாவூர் என்று போட்டோமா, பழைய ஆவணத்தில் உள்ளபடி டாஞ்சூர் என்று போட்டோமா? நினைவு சரியாகத்தான் இருக்கும், எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். அரசுக்கே இதில் தடுமாற்றம் உண்டு. 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி 2020 ஜூனில் வெளிவந்த தமிழக அரசாணை, விமர்சனம் எழுந்ததும் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஓர் ஊருக்கு இத்தனை எழுத்துக்கூட்டல் இருக்கும்போது, ஐந்து ஆண்டுக்கு முன் எதைத் தட்டினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் பழைய தளத்தில், 2021-இல் புதுத் தளம் வரும்வரை, கடவுச்சொல்லை மீட்கும் வழிகளில் ரகசியக் கேள்வியும் ஒன்றாக இருந்தது. பாஸ்போர்ட் சேவா தளத்திலும் கணக்குத் தொடங்குபவரிடம் இப்படி ஒரு கேள்வியும் பதிலும் கேட்டு வாங்கினார்கள். இத்தகைய விண்ணப்பங்களை எல்லோரும் தாமே நிரப்புவதில்லை. பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ உட்கார்ந்திருப்பவர் கடகடவென்று நிரப்பிவிடுகிறார். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, "உங்களுக்குப் பிடிச்ச கலர் என்னம்மா?" என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பட்டியலில் முதலில் உள்ள கேள்வியைத் தேர்ந்தெடுத்து, வாயில் வந்த ஒரு பதிலைப் போட்டுவிடுவார். கணக்குக்கு உரியவருக்குத் தன் பெயரில் ஒரு ரகசியம் இருப்பதே தெரியாது. சில நேரம் மின்னஞ்சல் முகவரியும் மையத்தினுடையதாகவே இருக்கும்.

கசிந்த பிறகு மாற்ற முடியாதது

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம். அம்மாவின் பெயரை என்ன செய்வது? 2013-இல் யாஹூவின் தகவல் களஞ்சியம் களவாடப்பட்டது. தன்னிடமிருந்த எல்லாக் கணக்குகளும், சுமார் 300 கோடி, அதில் பாதிக்கப்பட்டன என்று அந்த நிறுவனம் 2017-இல் ஒப்புக்கொண்டது. போன விவரங்களில் ரகசியக் கேள்விகளும் பதில்களும் இருந்தன. சிலருடையவை மறைகுறியாக்கம் செய்யப்படாமலே இருந்தன. யாஹூவில் கொடுத்த அதே உண்மையான பதிலை வங்கியிலும் கொடுத்திருந்தால், திருடியவருக்கு அது இரண்டு இடத்திலும் பயன்படும். உண்மைக்கு ஒரே பதில்தானே இருக்க முடியும்!

பதில்களை மறைத்து வைப்பதிலும் தொழில்நுட்பத் தடை உண்டு. கடவுச்சொற்களை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பெற முடியாத 'ஹாஷ்' வடிவில் வைப்பது நடைமுறை. சாத்தியமான பதில்கள் சில ஆயிரம்தான் என்றால், அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கக் கணினிக்கு நொடிகூடத் தேவையில்லை. தொலைபேசியில் வாடிக்கையாளர் சொல்லும் பதிலைச் சேவை ஊழியர் சரிபார்க்க வேண்டும் என்றால், பதில் அவர் திரையில் எழுத்தாகவே தெரிய வேண்டும். அந்தத் தேவைக்காகப் பதில்கள் மறைக்கப்படாமல் கிடக்கின்றன.

நாமே தேர்ந்தெடுத்த கேள்விகளுக்குப் பதிலாக, கடன் மதிப்பீட்டு நிறுவனங்களின் பதிவுகளிலிருந்து கேள்வி தயாரிக்கும் முறையும் வந்தது. முன்பு எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள், வீட்டுக் கடன் எந்த வங்கியில் என்பதுபோல. அமெரிக்க வருமான வரித் துறை தன் தளத்தில் இதை நம்பியிருந்தது. சுமார் ஒரு லட்சம் பேரின் வரி விவரங்களை மோசடிக்காரர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லியே எடுத்துவிட்டதாக 2015 மே மாதம் அது அறிவித்தது. அடுத்த ஆண்டுக்குள் அந்த எண்ணிக்கை 7 லட்சத்தைத் தாண்டியது. களவுபோன தகவல்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் பதில்கள் கையிலேயே இருந்தன.

சாட்சியும் சாவியும்

2017-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு வழிகாட்டி, முதல் செல்லப் பிராணியின் பெயர் என்ன என்பது போன்ற கேள்விகளைப் பயனரிடம் கேட்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அந்த இடத்துக்குக் கைபேசிக் குறியீடு வந்திருக்கிறது. இந்தியாவில் இன்று மீட்பு என்றாலே ஓடிபிதான். இதுவும் சிக்கலில்லாதது அல்ல. போலி ஆவணம் காட்டி டூப்ளிகேட் சிம் வாங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடியைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். நிஸ்ட் வழிகாட்டியே குறுஞ்செய்திக் குறியீட்டைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய வகையில்தான் வைத்தது. துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். பழைய எண்ணைக் கைவிட்டவர், அதோடு இணைந்திருக்கும் கணக்குகளையும் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு யோசனை. 2006-இல் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பிரெய்னார்ட், ஆரி ஜூல்ஸ் உள்ளிட்டோரும், நவீன மறையீட்டியலின் முன்னோடிகளில் ஒருவரான ரொனால்ட் ரிவெஸ்ட்டும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அடையாளத்துக்கு நான்காவது வழி ஒன்றை முன்வைத்தது. உங்களுக்குத் தெரிந்த ஒன்று, உங்களிடம் இருக்கும் ஒன்று, உங்கள் உடலில் உள்ள ஒன்று என்ற வழக்கமான மூன்றோடு, உங்களைத் தெரிந்த ஒருவர். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த 'மீட்புத் தொடர்பு' வசதி இந்த வகையைச் சேர்ந்தது. கணக்கு பூட்டிக்கொண்டால், நீங்கள் முன்பே பெயர் கொடுத்து வைத்த உறவினரின் அல்லது நண்பரின் கருவியில் ஒரு சிறு குறியீடு தோன்றும். நீங்கள் அவரை அழைத்து அதைக் கேட்டு வாங்க வேண்டும். அவரால் உங்கள் கணக்கைத் திறந்து பார்க்க முடியாது.

ரகசியக் கேள்வி தலைகீழாக்கிய உறவை இது நேராக்குகிறது. நம்மைத் தெரிந்தவர்களுக்கு நம் பிறந்த ஊரும் பள்ளியும் தெரியும். அதையே சாவியாக வைத்தால் அவர்கள் எல்லோரிடமும் சாவி இருக்கிறது என்றாகிவிடும். அவர்களில் ஒருவரைச் சாட்சியாக வைத்தால், அவர் நம் குரலைக் கேட்டு, சந்தேகம் வந்தால் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிப் பார்த்து முடிவு செய்வார். வங்கி எழுத்தர் செய்த வேலை அதுதான். சாட்சியையும் ஏமாற்றலாம், சாட்சியே பகையாகவும் மாறலாம். அதனால் அவர் கையில் குறியீட்டின் ஒரு பகுதி மட்டும் இருப்பதும், மீட்பு முயற்சி நடப்பதைக் கணக்குக்காரருக்கு எல்லா வழியிலும் அறிவித்துச் சில மணி நேரம் காத்திருந்து திறப்பதும் அவசியம்.

இன்றும் ரகசியக் கேள்வி கேட்கும் தளங்கள் உண்டு. அங்கே உண்மையான பதில் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிறந்த ஊர் என்ற இடத்தில் தொடர்பில்லாத நான்கு சொற்களைப் போட்டு, அதை ஒரு நோட்டிலோ கடவுச்சொல் மேலாண்மைச் செயலியிலோ எழுதி வைத்தால் போதும். தளத்துக்குத் தளம் வேறு பதில் கொடுக்கலாம். பெற்றோருக்காக மையத்தில் கணக்குத் தொடங்கினால், எந்த எண், எந்த மின்னஞ்சல், எந்தப் பதில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது பின்னால் பல நடைகளை மிச்சப்படுத்தும். கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்றுவதைவிட உருப்படியான சோதனை ஒன்று உண்டு. உங்கள் முதன்மை மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் போய், கடவுச்சொல் மறந்துவிட்டதாகச் சொல்லி, தளம் என்னென்ன வழிகளைக் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு முடிக்காமல் வெளியே வாருங்கள். கைவிட்ட எண்ணோ, எப்போதோ படித்த கல்லூரியின் மின்னஞ்சலோ, பள்ளியின் பெயரோ அந்தப் பட்டியலில் இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.